ஒரு பந்து நழுவினால் மூன்று நழுவுவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: பள்ளி சாஃப்ட்பால்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி சாஃப்ட்பால் (பேஸ்பால் வகை ஆட்டம்) வசந்த காலத்து ஆட்டம். ஜார்ஜியா, கொலராடோ, நெப்ராஸ்கா போன்ற சில இடங்களில் மட்டும் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகிற பெற்றோரிடம் கேள்விகளைக் கேட்டிருந்தோம். எந்த பேட் வாங்கலாம், எந்த காலணி நல்லது என்றெல்லாம் வரும் என்று நினைத்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஆட்டிட்யூட்’, ‘ஃபோகஸ்’ பற்றித்தான். அவற்றிலிருந்து ஏழு.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. ஜே.வி. அணியில் (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) செகண்ட் பேஸ். பயிற்சியில் பந்து அவள் கிளவுஸில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தில் ஒன்று நழுவினால் போதும், அதே இன்னிங்ஸில் இன்னும் இரண்டு நழுவும். எல்லாரும் “ஷேக் இட் ஆஃப்” (உதறிவிடு) என்று கத்தக் கத்த அவள் முகம் சிவந்துபோகிறது. தைரியம் போதவில்லையா?
— ஒரு தாய், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

தைரியத்தை விடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவள் முழங்காலைப் பாருங்கள்.

பந்து நழுவுவதற்கு முன்பு முழங்கால் மடங்கியிருக்கும், உடம்பின் பாரம் பாதத்தின் முன்பக்கம் இருக்கும், கிளவுஸ் தரையை ஒட்டி இருக்கும். நழுவிய பிறகு பாருங்கள்: நிமிர்ந்து நிற்பாள், பாரம் குதிகாலுக்குப் போயிருக்கும், கிளவுஸ் தொடை உயரத்தில் தொங்கும். தரையோடு உருண்டு வரும் பந்துக்குக் கிளவுஸ் கீழே இருந்து மேலே வரவேண்டும். மேலே இருந்து கீழே இறங்கினால் பந்து அடியில் புகுந்து ஓடிவிடும். பயத்தில் விரல்கள் இறுகுவதால் கிளவுஸ் பலகை மாதிரி ஆகி, பட்ட பந்து தெறிக்கும். இதோடு, ‘இதையாவது அவுட் ஆக்கிவிடணும்’ என்ற அவசரத்தில், பந்து கைக்கு வருமுன்பே கண் ஃபர்ஸ்ட் பேஸுக்குத் தாவிவிடும். இந்த மூன்றும் சேர்ந்தால், எவ்வளவு தேர்ந்த பெண்ணாக இருந்தாலும் பந்து நழுவத்தான் செய்யும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பல நேரம் இரண்டாவது தவறு அடுத்த பந்தில் நடப்பதில்லை, அதே பந்தில்தான் நடக்கிறது. நழுவியதும் தலையில் கை வைத்து நிற்கும் அந்த இரண்டு வினாடியில் ரன்னர் (பேஸ்களைச் சுற்றி ஓடும் எதிரணிப் பெண்) இன்னொரு பேஸ் எடுத்துவிடுவார். பேஸுக்குப் பேஸ் தூரம் 60 அடிதான். நன்றாக ஓடுகிற பெண்ணுக்கு ஏறக்குறைய 3 வினாடி. ஆகவே முதல் வேலை வருத்தப்படுவது அல்ல. பந்தை எடுத்து, பந்து வீசுகிற பிட்சரின் வட்டத்துக்குக் கொடுப்பது. பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் போட்டிருக்கும் அந்த வட்டத்துக்குள் அவர் கையில் பந்து வந்துவிட்டால், ரன்னர்கள் முன்னேயா பின்னேயா என்று உடனே முடிவெடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவுட். அதுவரைக்கும் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பந்து வட்டத்துக்குப் போனதும் உங்கள் மகளுக்கு நேரம் கிடைக்கிறது. பள்ளி விதிப்படி பிட்சர் 20 வினாடிக்குள் அடுத்த பந்தை வீச வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு வினாடி அவளுடையது. அதில் என்ன செய்வது?

தன் இடத்திலிருந்து இரண்டு அடி பின்னால் வந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பட்டும். ஒரே ஒரு மூச்சு: மூக்கால் இழுக்க 3 எண்ணிக்கை, வாயால் விட 5 எண்ணிக்கை. விடும்போது கிளவுஸுக்குள் விரல்களைத் தளர்த்த வேண்டும். அந்த மூச்சோடு சேர்ந்து கையால் ஒரு செயல்: கிளவுஸின் வெல்க்ரோ பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவது, அல்லது காலால் மண்ணை ஒரு முறை தள்ளுவது. பிறகு திரும்பி, அடுத்த பந்துக்கான வேலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “ஒரு அவுட், ஃபர்ஸ்ட்ல ரன்னர், தரைல வந்தா செகண்டுக்கு.” சொன்னபடியே தன் இடத்துக்கு நடந்து வந்து, பிட்சர் கையைச் சுற்றத் தொடங்கும்போது முழங்காலை மடக்கி, கண்ணை பேட்டும் பந்தும் சந்திக்கப்போகிற இடத்தில் வைக்க வேண்டும்.

கையால் செய்கிற அந்தச் சின்னச் செயலைச் சடங்கு என்று சிரிப்பார்கள். கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் பேஸ்பால் அணியோடு வேலை செய்த விளையாட்டு உளவியலாளர் கென் ரவிஸா, டக்அவுட்டில் (அணியினர் உட்காரும் இடம்) ஒரு பொம்மைக் கழிப்பறையையே வைத்திருந்தார். தவறு செய்த ஆட்டக்காரர் வந்து ஃபிளஷை அழுத்திவிட்டுப் போகலாம். ‘மறந்துவிடு’ என்று மனசுக்குச் சொன்னால் அது கேட்காது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால், முடிந்தது என்பதை உடம்பு முதலில் புரிந்துகொள்கிறது.

எங்கே கெட்டுப்போகும் என்றால், இதைத் தவறு நடந்த பிறகு மட்டும் செய்யும்போது. அப்போது அந்தச் செயலே ‘நான் சொதப்பிவிட்டேன்’ என்ற அறிவிப்பாகிவிடும். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் இதையே சுருக்கமாக, ஒரு மூச்சும் ஒரு வாக்கியமுமாகச் செய்ய வேண்டும். தவறுக்குப் பிறகு கொஞ்சம் நீளமாக. ஆட்டத்தின் நடுவில் புதிதாகக் கற்றுக்கொடுக்காதீர்கள். பயிற்சியில் பழகாத எதுவும் ஆட்டத்தில் வராது.

பழக்க ஒரு வழி: கோச்சோ நீங்களோ பந்துகளை ஜோடியாக உருட்டுங்கள். முதல் பந்து வேண்டுமென்றே மோசமாக இருக்கட்டும், கிளவுஸுக்கு எட்டாமல், அல்லது கடைசி நிமிடத்தில் குதிப்பதுபோல. 15 வினாடி விட்டு இரண்டாவது, சாதாரணப் பந்து. மதிப்பெண் இரண்டாவதுக்கு மட்டும். முதல் பந்து என்ன ஆனது என்று யாரும் பேசக்கூடாது. ஒரு தடவைக்கு 8 ஜோடி, வாரம் இரண்டு நாள். மூன்று வாரம் பாருங்கள்.

அந்த “ஷேக் இட் ஆஃப்” கோரஸையும் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆறுதல் சொன்னால், எட்டுப் பேரும் பார்த்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குக் கேட்கும். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து “அடுத்தது செகண்டுக்கு, நான் கவர் பண்றேன்” என்றால் போதும். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, வேலை மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: மகள் பேட் செய்யும்போது பின்வலைக்குப் பக்கத்தில் நின்று “முழங்கையைத் தூக்கு, கண்ணை பால்ல வை, இடுப்பைத் திருப்பு” என்று தமிழில் சொல்லித்தருகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. போன வாரம் அவள் திரும்பி என்னை முறைத்தாள். இது மரியாதைக் குறைவு இல்லையா?
— ஒரு தந்தை, சான் ஹோசே, கலிபோர்னியா

சார், பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 43 அடி. கையை நீட்டி, கால் எடுத்து வைத்துப் பந்தை விடும்போது அது இன்னும் ஐந்தாறு அடி குறைந்துவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து 0.42 வினாடியில் பிளேட்டுக்கு வந்துவிடும். அதற்குள் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, பேட்டைச் சுழற்ற வேண்டும். இதில் முழங்கை, கண், இடுப்பு என்று மூன்று விஷயத்தை எங்கே வைப்பது?

இயக்கம் கற்பதை ஆராய்ந்த கேப்ரியல் வுல்ஃப் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த ஒன்று உண்டு. கவனத்தைத் தன் உடம்பின் உறுப்பில் வைத்தால் அசைவு விறைக்கிறது. வெளியே ஓர் இலக்கில் வைத்தால் அசைவு தானாகச் சீராகிறது. ‘முழங்கையைத் தூக்கு’ என்பது உடம்பு. ‘செகண்ட் பேஸில் நிற்பவள் தலைக்கு மேலே அடி’ என்பது இலக்கு. முழங்கை வேலை எல்லாம் வீட்டுப் பின்புறத்தில், ‘டீ’ என்கிற கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிக்கும்போது. ஆட்டத்தில் அவளுக்கு ஒரே ஒரு இலக்கு, அதுவும் அவளே தேர்ந்தெடுத்தது.

முறைத்தது மரியாதைக் குறைவு இல்லை. அவுட்ஃபீல்டு வேலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அங்கிருந்து ஆட்டமும் நன்றாகத் தெரியும். காரில் வீட்டுக்குப் போகும்போது முதல் வாக்கியம் சாப்பாட்டைப் பற்றி இருக்கட்டும். ஆட்டத்தைப் பற்றி அவளாகப் பேசினால் கேளுங்கள். உங்கள் ஆலோசனை மறுநாள் மாலை வரை கெட்டுப்போகாது.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு. இந்த வருஷம் வார்ஸிட்டிக்கு (பள்ளியின் முதல் அணி) எடுத்தார்கள். 12 ஆட்டம் முடிந்துவிட்டது, நான் இறங்கியது ஐந்தில்தான். எனக்கு ‘ஆட்டிட்யூட்’ சரியில்லை என்று கோச் சொன்னாராம். நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கோச்சுக்கு மெயில் அனுப்பப்போகிறார். அனுப்பலாமா?
— ஒரு மாணவி, எடிசன், நியூ ஜெர்சி

அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லம்மா. அதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

நம் வீடுகளில் ‘அவளுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி’ என்றால் திமிர் என்று அர்த்தம். அதனால்தான் உனக்கு அடிபட்டதுபோல இருக்கிறது. அமெரிக்கக் கோச் சொல்லும்போது அதில் திமிர் மட்டும் இல்லை. பேசாமலேயே உடம்பு என்ன சொல்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். இன்னிங்ஸ் முடிந்து அணி உள்ளே வரும்போது நீ எழுந்து நின்றாயா, உட்கார்ந்தே இருந்தாயா? உன் இடத்தில் ஆடுகிற பெண் நல்ல கேட்ச் பிடித்தபோது உன் கை என்ன செய்தது? பேட்டிங் நடக்கும்போது உன் கண் களத்திலா, காலணி லேஸிலா? கோச்சுக்கு மனசைப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிவது இவ்வளவுதான்.

பெஞ்சில் சும்மா உட்கார்ந்து உற்சாகமாக இருப்பது யாராலும் முடியாது. அதனால் வேலை எடுத்துக்கொள். ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். எதிரணி பிட்சர் ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்தை எங்கே போடுகிறார், இரண்டு ஸ்டிரைக் (மூன்றானால் அவுட்) விழுந்த பிறகு என்ன போடுகிறார் என்று குறி. இரண்டு இன்னிங்ஸில் ஒரு வடிவம் தெரியும். பல பள்ளிப் பிட்சர்கள் சேஞ்சப் (ஏமாற்றும் மெதுவான பந்து) வீசுவதற்கு முன்பு கிளவுஸுக்குள் பிடியை மாற்ற நேரம் எடுப்பார்கள். அப்போது கிளவுஸ் கொஞ்சம் விரியும், முன்கை அசையும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னால், அன்று உன் அணியில் பேட் செய்கிற ஒன்பது பேருக்கும் நீ உதவியிருக்கிறாய்.

விதியையும் தெரிந்துகொள். பிட்சரோ கேட்சரோ பேஸ் ஏறினால், அவர்களுக்குப் பதிலாக ஓட ‘கர்ட்டசி ரன்னர்’ என்று ஒருவரை விடலாம். அந்த ஆட்டத்தில் அதுவரை இறங்காதவர்தான் அப்படி ஓட முடியும். அதாவது, பெஞ்சில் இருப்பதாலேயே உனக்குக் கிடைக்கிற வாய்ப்பு அது. நான்காவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு இடைவெளியிலும் அவுட்ஃபீல்டு கோட்டோரமாக இரண்டு ஓட்டம் ஓடிக் காலைச் சூடாக வைத்துக்கொள். ஹெல்மெட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். “யாராவது ஓடணும்” என்று கோச் திரும்பும்போது ஹெல்மெட் தேடுகிற பெண்ணும், மாட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணும் அவர் கண்ணுக்கு ஒன்றல்ல.

கோச்சிடம் நீயே பேசு. ஆட்ட நாளில் வேண்டாம், தோற்ற மறுநாளும் வேண்டாம். ஒரு பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்க் கேள்: “எனக்கு அதிக வாய்ப்பு கிடைக்க, நான் மாற்றவேண்டிய இரண்டு விஷயம் என்ன?” இன்னொரு பெண்ணின் பெயர் உன் வாயில் வரக்கூடாது. அவர் சொன்ன இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்க் கேள். அப்படியும் வாய்ப்பு வராமல் போகலாம். சிலருக்கு வராது, அது உண்மைதான்.

கேள்வி: மகள் பிட்சர், ஒன்பதாம் வகுப்பு. அம்பயர் ஒரு ஸ்டிரைக்கை ‘பால்’ என்று சொல்லிவிட்டால் கையை விரித்து நிற்கிறாள். அதற்கப்புறம் வரிசையாக நாலு பேருக்கு வாக் (நாலு ‘பால்’ ஆகி, அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸ் போவது). வேகமும் போய்விடுகிறது.
— ஒரு தாய், நேப்பர்வில், இல்லினாய்

உங்கள் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே, அதை எடுங்கள். கேட்சர் திருப்பி எறிந்த பந்து அவள் கைக்கு வந்த நொடியிலிருந்து அடுத்த பந்தை விடும் நொடி வரை அளந்து, பத்துப் பந்துக்குக் குறியுங்கள். அமைதியாக இருக்கும்போது, உதாரணத்துக்கு, 14 வினாடி என்று வைத்துக்கொள்வோம். கோபம் வந்த பிறகு அளந்தால் பெரும்பாலும் எட்டு, ஒன்பது என்று இறங்கியிருக்கும். சில பெண்களுக்கு எதிர்மாறாக, இருபதைத் தொடும். அந்த வித்தியாசம்தான் வாக்காக மாறுகிறது. அவசரப்படும்போது கால் முழுதாக நீளாது, இடுப்பு திறக்குமுன் கை வந்துவிடும், பந்து உயரே போகும். பந்தைக் குறிவைத்துத் தள்ளத் தொடங்கினால் மணிக்கட்டின் சொடுக்கு போய்விடும். வேகம் காணாமல் போவது அங்கேதான்.

மகளுக்கு அவள் சொந்த எண்ணைச் சொல்லுங்கள். “நிதானமா போடு” என்றால் ஒன்றும் புரியாது, “உன் எண் 14” என்றால் புரியும். அந்த 14-ஐப் பிரித்துக் கொடுக்கலாம். பந்தை வாங்கியதும் வட்டத்தின் பின்பக்கம் நடந்து, சென்டர்ஃபீல்டைப் பார்த்து ஒரு மூச்சு. அதற்கு 7 வினாடி. பிறகு திரும்பி, பிட்சர் நின்று வீசும் பலகையில் கால் வைத்து, கைகளைப் பிரித்தபடி கேட்சரின் சைகையைப் பார்ப்பது, 4 வினாடி. கைகளைச் சேர்த்து நிறுத்துவதற்கு விதி குறைந்தது 1 வினாடி, அதிகபட்சம் 10 வினாடி என்கிறது. அவள் 2 வினாடி நின்றால் போதும். மீதி வீச்சுக்கு.

கையை விரிப்பதை இன்றே நிறுத்த வேண்டும். பண்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்காகவே அது நஷ்டம். அம்பயரும் மனிதர், எல்லாரும் பார்க்க அவரைத் தவறு என்று காட்டிய பெண்ணுக்கு அடுத்த சந்தேகப் பந்து சாதகமாக வராது. ஸ்டிரைக் பகுதி என்பது பேட்டரின் முன்பக்க அக்குள் முதல் முழங்காலின் மேல்பகுதி வரை, 17 அங்குல அகலமுள்ள பிளேட்டுக்கு மேலே. புத்தகத்தில் அப்படி. ஒவ்வொரு அம்பயருக்கும் அது கொஞ்சம் நகரும். முதல் இரண்டு இன்னிங்ஸில் கேட்சர் அதை வரைபடம்போலக் கண்டுபிடிக்க வேண்டும்: வெளிப்பக்கம் தருகிறாரா, தாழ்வாகத் தருகிறாரா? தருகிற பக்கத்தில் வீசுங்கள், தராத பக்கத்தை விட்டுவிடுங்கள். சந்தேகப் பந்தைப் பிடித்ததும் கேட்சர் கிளவுஸை அசைக்காமல் ஒரு நொடி வைத்திருக்க வேண்டும், தலையைத் திருப்பி அம்பயரைப் பார்க்கக் கூடாது.

ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் கோச் ஆட்டத்தை நிறுத்திப் பிட்சரிடம் வந்து பேச மூன்று வாய்ப்புதான் உண்டு. நல்ல கோச் அதை நுட்பம் சொல்லப் பயன்படுத்த மாட்டார், ஓட்டத்தை நிறுத்துவதற்குப் பயன்படுத்துவார். இரண்டாவது வாக் விழுந்ததும் வருவது சரி. நாலாவதுக்கு அப்புறம் வந்தால் துக்கம் விசாரிக்க வந்தது மாதிரிதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து வீசி அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கிக்கொடுத்தார். அந்த வீடியோ கிடைத்தால் மகளோடு பாருங்கள், ஸ்டாப்வாட்சோடு. பந்துக்கும் பந்துக்கும் இடையில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும். (413 பந்து வீசியதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்!)

கேள்வி: மகள் ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலது வெளிப்பகுதி) நிற்கிறாள். பந்தே வருவதில்லை. தட்டாம்பூச்சி பார்க்கிறாள். ஏழு இன்னிங்ஸும் எப்படிக் கவனமாக இருப்பது?
— ஒரு தந்தை, கேரி, வட கரோலினா

இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். இரண்டு அணியும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் 200 பந்துக்கு மேல் வீசினால்கூட, ஒவ்வொன்றுக்கும் 5 வினாடி என்று கணக்கிட்டால் கவனம் கூர்மையாக இருக்கவேண்டியது மொத்தம் 17 நிமிடம்தான். அதிலும் அவள் களத்தில் நிற்பது பாதி. மீதி நேரம் தட்டாம்பூச்சி பார்க்கலாம். சுவிட்ச் எப்போது போடுவது என்பதுதான் கேள்வி.

பந்து வட்டத்துக்குப் போனதும் கவனத்தை விரித்துவிடலாம்: காற்று எந்தப் பக்கம், சூரியன் எங்கே, எத்தனை அவுட், இந்தப் பேட்டர் போன முறை எங்கே அடித்தாள். பிட்சர் தன் பலகையில் கால் வைத்ததும் குறுக்க வேண்டும்: பேட் சுழலும் இடம் மட்டும். ராபர்ட் நிடெஃபர் என்ற உளவியலாளர் 1970-களிலேயே கவனத்தை விரிந்தது, குறுகியது என்று இப்படிப் பிரித்துக் காட்டினார். ஒரே அகலத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் அது தானாகவே தட்டாம்பூச்சியிடம் போய்விடும்.

அதைவிட முக்கியம், ரைட் ஃபீல்டுக்கு வேலை இல்லை என்பதே தவறு. இன்ஃபீல்டில் தரைப்பந்து எடுத்து ஃபர்ஸ்டுக்கு எறியும் ஒவ்வொரு முறையும் அவள் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் ஓடி வர வேண்டும், எறிந்த பந்து தவறினால் பிடிக்க. பத்தில் ஒன்பது தடவை ஓட்டம் வீண்தான். பத்தாவதில் ரன்னர் செகண்டுக்குப் போகாமல் நிற்பது அவளால். எத்தனை தடவை ஓடினாள் என்று எண்ணி, வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி ஜே.வி. அணிக்கு உதவிக் கோச்சாகத் தன்னார்வத்தில் போகிறேன். பயிற்சியில் பிள்ளைகள் கதையடிக்கிறார்கள். தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறோம். பலன் இல்லை.
— ஒரு வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

தவறுக்கு ஓட்டம் என்றால் தவறாத வழியைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்: கஷ்டமான பந்துக்குப் போகாமல் இருப்பது. ஓட்டத்தை முயற்சி குறைவுக்கு வையுங்கள், தவறுக்கு வேண்டாம்.

கதையடிப்பதற்கு முக்கியக் காரணம் வரிசை. பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நின்று ஒரு பந்துக்குக் காத்திருந்தால் பதினொரு பேர் பேசத்தான் செய்வார்கள். மூன்று மூன்று பேராக நாலு இடத்தில் பிரியுங்கள், 8 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். போன்கள் பயிற்சி தொடங்கும்போது ஒரு வாளிக்குள். உங்களுடையதும்தான்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு ‘21 அவுட்’ வையுங்கள். ஏழு இன்னிங்ஸுக்கு 21 அவுட். களத்தில் ஒன்பது பேர், நீங்கள் பந்தை அடிக்க, பிழையில்லாமல் தொடர்ச்சியாக 21 எடுக்க வேண்டும். ஒன்று நழுவினால் மறுபடி பூஜ்யம். 17, 18-ல் வரும் இறுக்கம்தான் இதன் பயன், நிஜ ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ் அப்படியே இருக்கும். ஆனால் இதிலும் ஒரு ஆபத்து: 19-ல் நழுவவிட்ட பெண்ணை மற்ற எட்டுப் பேரும் பார்க்கும் பார்வை. ஆரம்ப வாரங்களில் பூஜ்யத்துக்குப் போக வேண்டாம், மூன்று குறையுங்கள். நழுவவிட்டவருக்கே அடுத்த பந்தை அடியுங்கள், எளிதான பந்தாக. பதினைந்து நிமிடத்தில் முடியவில்லையா, எண்ணை எழுதிவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். இருட்டும்வரை இழுத்தால் மறுநாள் யாருக்கும் கை எழாது.

கேள்வி: பேத்தி ஆட்டம் பார்க்க வந்திருக்கிறேன். ஆறு மாத விசா. நான் கிரிக்கெட் பார்த்தவன். பிள்ளை மூன்று முறை பேட் செய்து இரண்டு முறை அவுட் ஆனாள். அதற்கும் கைதட்டுகிறார்கள்! இன்னொன்று, டக்அவுட்டில் எந்நேரமும் பாட்டு, தாளம். இதில் எங்கே கவனம் வரும்?
— ஒரு தாத்தா, திருநெல்வேலியிலிருந்து. தற்போது கம்மிங், ஜார்ஜியா

ஐயா, பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்தால் இந்த ஆட்டத்தில் அது நல்ல கணக்கு. கிரிக்கெட்டில் ஒரு முறை அவுட் என்றால் அன்றைக்கு வேலை முடிந்தது, பெவிலியனில் உட்கார்ந்து நொந்துகொள்ள நேரம் உண்டு. இங்கே அவுட்டானவள் சில நிமிடத்தில் ஃபீல்டிங்குக்குப் போக வேண்டும், அரைமணியில் மறுபடி பேட் பிடிக்க வேண்டும். நொந்துகொள்ள நேரமே இல்லை.

கைதட்டியதற்குக் காரணம் இருந்திருக்கும். ஸ்கோர்போர்டில் வராத ஒரு கணக்கைப் பல கோச்சுகள் வைத்திருக்கிறார்கள்: பிட்சரை ஆறு பந்துக்கு மேல் வீசவைத்தாளா, பந்தைப் பலமாக அடித்து அது நேராகக் கைக்குப் போனதா, தான் அவுட் ஆனாலும் ரன்னரை அடுத்த பேஸுக்கு நகர்த்தினாளா? இவற்றில் ஒன்று நடந்தால் அது நல்ல பேட்டிங் என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கை வைத்திருக்கும் அணியில் அவுட்டாகி வரும் பெண் ஹெல்மெட்டை விட்டெறிவது குறையும். (விட்டெறிந்தால் அம்பயர் வெளியேற்றவும் செய்யலாம்.)

பாட்டு இந்த ஆட்டத்தோடு பிறந்தது மாதிரி. எதிரணியைக் கேலி செய்யாமல், பிட்சர் பந்தை விடும் நொடியில் வேண்டுமென்றே கூச்சல் போடாமல் இருந்தால் அதில் குற்றமில்லை. உரக்கப் பாடுகிற பிள்ளை மூச்சைப் பிடித்துவைத்திருக்க முடியாது, அதுவே பாதிப் பதற்றத்தைக் கரைத்துவிடும். அடுத்துப் பேட் செய்யப்போகிற இரண்டு பேர் மட்டும் பாட்டில் சேரக் கூடாது. ஒருத்தி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படியில் நின்று பிட்சர் என்ன வீசுகிறார் என்று பார்க்க வேண்டும். இன்னொருத்தி, அடுத்த பேட்டர் காத்திருக்கும் ஆன்-டெக் வட்டத்தில் நின்று, பிட்சர் கை சுற்றி வருவதற்குத் தன் முன்காலைச் சரியாகத் தட்டிப் பழக வேண்டும். உங்கள் பேத்தி அந்த வட்டத்தில் வாயை மூடிக்கொண்டு தரையில் காலைத் தட்டிக்கொண்டிருந்தால், பிள்ளைக்குப் பாட்டு மறந்துபோச்சோ என்று கவலைப்படாதீர்கள்.